நிலையங்கள் பல, நோயாளி ஒருவர்: நீரிழிவுப் பராமரிப்பின் தரம்



மொழிக்கென அமைந்த மேடையில் மருத்துவப் பொருள் ஒன்றைப் பேச முனைவது ஏன் என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். அவ்வையத்திற்கு விடை இவ்வுரையின் இறுதிப் பகுதியில் தானே வந்து சேரும். இப்போதைக்கு அந்நோயின் பெயரிலிருந்து தொடங்குவோம்.

மலேசியத் தமிழர் இல்லங்களில் இந்நோய்க்கு வழங்கும் பெயர் இனிப்புநீர். தமிழ்நாட்டில் அதனைச் சர்க்கரை நோய் என்பர். யாழ்ப்பாணத்து முதியோர் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் சொல்வர். சித்த மருத்துவ நூல்கள் மதுமேகம் என்று குறிக்கின்றன. பாடநூல்கள் நீரிழிவு என்கின்றன. அண்டை வீட்டு மலாய்க்காரர் சொல்லும் 'கெஞ்சிங் மானிஸ்' என்பதும் இனிப்பான சிறுநீர் என்ற பொருளையே தருகிறது. பெயர்கள் பலவாயினும் நோய் ஒன்றே. அதுபோலவே, இந்நோய்க்காக நாம் ஏறி இறங்கும் மருத்துவ நிலையங்கள் பலவாயினும் நோயாளி ஒருவரே. அந்த ஒருவருக்கு எல்லா நிலையங்களிலும் ஒரே தரமான பராமரிப்புக் கிடைக்கிறதா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் வினா.

நம் வீட்டு வாசலில் உள்ள நோய்

இவ்வினா நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை முதலில் காண்போம். சுகாதார அமைச்சு நடத்திவரும் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் நீரிழிவு உடையோர் 2006-இல் 11.6 விழுக்காட்டினர். 2015-இல் அது 17.5 விழுக்காடாகவும் 2019-இல் 18.3 விழுக்காடாகவும் உயர்ந்தது. 2023-இல் 15.6 விழுக்காடாகக் குறைந்திருப்பினும், ஆறு பெரியவர்களுள் ஒருவர் என்ற நிலை அது. இந்தியச் சமூகத்தை மட்டும் தனித்து நோக்கினால் 2015-இல் 22.1 விழுக்காடு, 2019-இல் 31.4 விழுக்காடு. நாட்டின் பேரினங்களுள் மிக உயர்ந்த விகிதம் நம்முடையதே. ஐந்து பேர் அமரும் உணவு மேசையில் குறைந்தது ஒருவரேனும் இந்நோயோடு அமர்ந்திருக்கிறார் என்று கொள்ளலாம். அவர் அதனை அறிந்திருப்பாரா என்பது வேறு கேள்வி. 2023-ஆம் ஆண்டு ஆய்வில், நீரிழிவு உடைய ஐவருள் இருவர் தமக்கு நோயிருப்பதையே அறியாதிருந்தனர். அறிந்து மருத்துவம் பெற்றுவந்தோரிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் கட்டுக்குள் இல்லை.

இறுதியாகச் சொன்ன செய்தியே நம் பேச்சின் மையம். இவர்கள் மருத்துவரை நாடாதவர்கள் அல்லர். கிளினிக்கில் அட்டை வைத்திருப்பவர்கள்; மாதந்தோறும் மருந்துப் பையோடு வீடு திரும்புபவர்கள். அவ்வாறிருந்தும் நோய் அடங்கவில்லை என்றால், பழியை நோயாளியின் நாவின்மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் அமைதி கொள்ள இயலாது. பராமரிப்பின் தரத்தையும் கேட்டாக வேண்டும்.

தரம் என்பது யாது?

மருத்துவத்தின் தரத்தை அளப்பதற்கு அவேடிஸ் டொனபீடியன் என்னும் அறிஞர் 1966-இல் ஒரு வழி வகுத்துத் தந்தார். அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பிரித்துக் காணவேண்டும் என்றார் அவர். கட்டடம், கருவிகள், மருத்துவர் எண்ணிக்கை ஆகியவை அமைப்பு. நோயாளிக்குச் செய்யவேண்டியவை செய்யப்படுகின்றனவா என்பது செயல்முறை. அதனால் அவர் உடல்நலம் என்னவாயிற்று என்பது விளைவு.

பெரும்பாலும் நாம் அமைப்பை மட்டுமே கண்டு தரத்தை முடிவு செய்துவிடுகிறோம். குளிரூட்டப்பட்ட கூடமும் பளபளக்கும் தரையும் கண்டால் நல்ல மருத்துவமனை என்கிறோம். நீண்ட வரிசையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கண்டால் முகம் சுளிக்கிறோம். நாட்டுச் சட்டங்களும் அமைப்பைக் கண்காணிப்பதில் தெளிவாக உள்ளன. தனியார் மருத்துவ நிலையங்கள் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றாக வேண்டும். ஆனால் நீரிழிவைப் பொறுத்தவரை, உயிரைக் காப்பவை பெரும்பாலும் செயல்முறையைச் சார்ந்த சிறு சிறு காரியங்களே.

அவை எவை? மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை எச்பிஏ1சி என்னும் இரத்தச் சோதனை. ஒவ்வொரு வருகையிலும் இரத்த அழுத்தமும் எடையும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கொழுப்புச் சோதனை, சிறுநீரகச் செயற்பாட்டுச் சோதனை, சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்ற சோதனை. முறைப்படி விழித்திரைப் பரிசோதனை. காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை. புகைப்பழக்கம் உண்டா என்ற ஒரு கேள்வி. இவ்வளவே பட்டியல். இவற்றுள் எதற்கும் மாட மாளிகை தேவையில்லை.

இவற்றுள் எச்பிஏ1சி பற்றிச் சற்று விரிவாக அறிதல் நன்று. இரத்தச் சிவப்பணுக்களில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைக் கொண்டு, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையை அது காட்டுகிறது. விரல்நுனியில் குத்திப் பார்க்கும் சோதனை அந்த வேளையின் நிலையை மட்டுமே சொல்லும். கிளினிக்கிற்குப் போகும் நாளுக்கு முன்பு இரண்டு நாள் இனிப்பை நிறுத்தி, இரவுணவைக் குறைத்து, 'நல்ல பிள்ளை'யாகச் செல்லும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. விரல்நுனிச் சோதனையை அவ்வாறு ஏமாற்றலாம், எச்பிஏ1சி ஏமாறாது. ஆகவே, நீரிழிவு நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் விரல்நுனிச் சோதனை மட்டுமே செய்யும் ஒரு நிலையம், எத்துணை இனிமையாகப் பேசினாலும், தரத்தில் குறைபட்டதே.

அந்த எண் குறைவதால் விளையும் பயன் சிறிதன்று. பிரிட்டனில் நடந்த புகழ்பெற்ற நீண்டகால நீரிழிவு ஆய்வின் தரவுகள், எச்பிஏ1சி ஒரு விழுக்காடு குறையும்போது கண், சிறுநீரகம் முதலிய உறுப்புகளின் நுண்குழாய்ப் பாதிப்பு 37 விழுக்காடு குறைவதோடு தொடர்புற்றிருப்பதைக் காட்டின. நம் நாட்டில் புதிதாகச் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வந்து சேர்வோருள் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவினால் சிறுநீரகம் இழந்தவர்கள். அந்த எண்ணுக்கும் அந்தச் சுத்திகரிப்பு நாற்காலிக்கும் இடையிலுள்ள தூரம், பல ஆண்டுகள் செய்யாமல் விடப்பட்ட சோதனைகளின் தூரமே.

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு பார்வை

இனி, நிலையங்களின் வகைகளைக் காண்போம். அதற்கு நாம் கூடியிருக்கும் இவ்வூரே போதிய சான்று. அவசரகாலத்தில், 1950-களில், செர்டாங் புதுக்கிராமமாக உருப்பெற்ற இவ்விடம் இன்று ஸ்ரீ கெம்பாங்கான் என்னும் பெருநகர்ப் பகுதியாக வளர்ந்துள்ளது. ஒருபுறம் பாலாக்கோங் தொழிற்பேட்டை. மறுபுறம் 1931-இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கிய புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகம். இங்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் உண்டு. கடைவரிசைகளில் தனியார் கிளினிக்குகள் உண்டு. இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா மருத்துவமனை எனப் பெயர் பெற்றுள்ள செர்டாங் மருத்துவமனை உண்டு. பல்கலைக்கழகத்தின் போதனை மருத்துவமனையும் உண்டு. சற்றே தெற்கே சென்றால், உட்சுரப்பியல் துறைக்கு நாட்டின் மேல்நிலை மையமாக விளங்கும் புத்ராஜெயா மருத்துவமனை உள்ளது. ஒரு நோயாளி அரைமணி நேரப் பயணத்திற்குள் இத்தனை வகை நிலையங்களையும் அடைந்துவிடலாம்.

நம் முன்னோருக்கு இத்தகைய வாய்ப்பு இருந்ததில்லை. தோட்டத்து மக்களுக்கு மருத்துவம் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியும் அங்கிருந்த 'டிரஸ்ஸரு'மே. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென 1965-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அவரிடம் கருவிகள் குறைவு; ஆனால் லயத்தில் யார் யாருக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, நமக்குக் கருவிகள் கிடைத்தன. நம்மை அறிந்த அந்த ஒருவர் கிடைக்காமற் போனார். இன்றைய நிலையங்களின் நிறைகுறைகளை இப்பின்னணியில் வைத்துக் காணவேண்டும்.

முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். குடிமக்கள் செலுத்தும் கட்டணம் ஒரு வெள்ளி. மருந்தும் அதனுள் அடக்கம். மருத்துவர், தாதியர், மருந்தாளர், ஆய்வுக்கூடம் எனக் குழுவாகப் பணி நடக்கிறது. பல கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணர் உள்ளார். நோயாளியின் அளவுகள் புத்தகத்தில் பதியப்படுகின்றன. மேற்சொன்ன பட்டியலை நிறைவேற்றுவதற்கு மிகப் பொருத்தமான இடம் இதுவே. ஆயினும் கூட்டம் மிகுதி. மருத்துவருடன் பேசக் கிடைக்கும் நேரம் சுருக்கம். ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர் அமர்ந்திருப்பார். சென்ற முறை மனம்விட்டுச் சொன்னதை இம்முறை மீண்டும் சொல்ல நோயாளிக்கு மனம் வருவதில்லை.

அடுத்து, கடைவரிசைத் தனியார் கிளினிக். இங்கு ஒரே மருத்துவர் இருபது ஆண்டுகளாக அமர்ந்திருக்கலாம். குடும்பத்தையே அறிந்திருப்பார், பலவேளைகளில் தமிழிலும் பேசுவார். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குச் சென்றாலும் கதவு திறந்திருக்கும். தொடர் நோய்க்கு இந்த நெருக்கம் பெருஞ்செல்வம். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் நோயாளி தம் பையிலிருந்து பணம் தரவேண்டும். விழித்திரைப் படமெடுக்கும் கருவி பெரும்பாலும் இராது. வராதவரை அழைத்து நினைவூட்டும் ஏற்பாடும் அரிது. கையில் காசிருக்கும் மாதம் முழு மருந்து, இல்லாத மாதம் பாதி மருந்து என்று நோயாளி தாமாகவே அளவைக் குறைத்துக்கொள்கிறார். மருத்துவரிடம் அதைச் சொல்வதுமில்லை.

மூன்றாவது, நிபுணர் உள்ள மருத்துவமனை. சிக்கலான இன்சுலின் முறை, இதயம், கண், சிறுநீரகம் ஆகியவற்றின் பாதிப்பு, ஆறாத புண் ஆகியவற்றுக்கு இதுவே புகலிடம். குடிமக்களுக்கு அரசாங்க நிபுணர் கிளினிக்கின் தொடர் வருகைக் கட்டணம் ஐந்து வெள்ளி. இங்குள்ள குறை வேறு வகைப்பட்டது. கண்ணை ஒரு துறையும், காலை ஒரு துறையும், இதயத்தை ஒரு துறையும் பார்க்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டிய பொறுப்பு யாருடையது என்பது நோயாளிக்கு விளங்குவதில்லை.

நான்காவதாக, கோயில் மண்டபங்களிலும் பொது அரங்குகளிலும் நடக்கும் இலவச மருத்துவ முகாம்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அறியாதோர்க்கு நோயை அறிவிப்பதில் அவற்றின் தொண்டு பெரிது. ஆயினும் முகாம் ஒரு எண்ணைத் தருமேயன்றி ஒரு வழியைத் தருவதில்லை. அந்த எண் எழுதிய சீட்டோடு அடுத்த வாரமே ஒரு கிளினிக்கில் பதிவு செய்துகொள்ளாவிட்டால், சீட்டு பழைய நாட்காட்டியோடு குப்பைக்குப் போய்விடும்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

எந்த வகை நிலையம் சிறந்தது என்று எண்களைக் கொண்டு தீர்ப்பளிக்கலாமா? நம் நாட்டில் இதற்கான தரவுகள் உண்டு. 2009-ஆம் ஆண்டுக்குரிய ஆய்வொன்று 70,889 நோயாளிகளின் கட்டுப்பாட்டு நிலையை ஆராய்ந்தது. சுகாதார அமைச்சின் கிளினிக்குகளை உள்ளடக்கிய தேசிய நீரிழிவுப் பதிவேட்டின்படி, சராசரி எச்பிஏ1சி 2009-இல் 8.3 விழுக்காடாகவும் 2012-இல் 8.1 விழுக்காடாகவும் இருந்தது. 6.5 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தோர் 2012-இல் 23.8 விழுக்காட்டினர் மட்டுமே. மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டு டயப்கேர் ஆய்வில் சராசரி 8.66 விழுக்காடு.

மாணவர்கள் இங்குச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். மருத்துவமனையின் சராசரி 8.66; கிளினிக்கின் சராசரி 8.3. ஆகவே கிளினிக் சிறந்தது, நிபுணரால் பயனில்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது. நோய் முற்றியவர்களும், பல ஆண்டுகள் நோயோடு வாழ்ந்தவர்களும், மாத்திரைக்கு அடங்காதவர்களுமே மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்கள். கடைநிலை மாணவர்களை மட்டும் ஏற்கும் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும், தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும் அருகருகே வைத்து ஆசிரியர்களை எடைபோடுவது எத்தகைய அநீதி என்பது இங்குள்ள ஆசிரியர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. யார் வருகிறார்கள் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் விளைவை ஒப்பிடுதல் பிழை. ஆகவேதான் செயல்முறையையும் சேர்த்து அளக்கவேண்டும் என்கிறோம். கண் பரிசோதிக்கப்பட்டதா, பாதம் பரிசோதிக்கப்பட்டதா என்னும் கேள்விகளுக்கு, நோயாளி எவ்வளவு முற்றிய நிலையில் வந்தார் என்பது விடையை மாற்றாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அப்பதிவேடு அமைச்சின் கிளினிக்குகளுக்கு உரியது. கடைவரிசைத் தனியார் கிளினிக்கில் மருந்து வாங்கும் நம் உறவினர் அதில் இல்லை. எண்ணப்படாதவர்களின் குறையை எவரும் அறிவதில்லை. அறியாத குறையைத் தீர்க்க எவரும் முனைவதுமில்லை.

இவ்வெண்களிலிருந்து நாம் உறுதியாகக் கொள்ளத்தக்க முடிவு ஒன்று உண்டு. எந்த வகை நிலையமும் தனித்து நின்று இந்நோயை வென்றுவிடவில்லை. எல்லா வகையிலும் பெரும்பாலான நோயாளிகள் இலக்கை எட்டாமலே இருந்தனர். நிலையத்தின் வகையை மாற்றுவதால் மட்டும் நோய் அடங்காது என்பதே இதன் பொருள்.

விழுந்துபோகும் இடம்

ஒரு தாயை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். அவர் ஒருவரல்லர், நாம் அறிந்த பலரின் சேர்க்கை. பாலாக்கோங்கில் தொழிற்சாலை வேலை. நிறுவனத்தின் அட்டையைக் கொண்டு தனியார் கிளினிக்கில் பத்தாண்டுகள் மருந்து வாங்கினார். ஓய்வு பெற்றதும் அட்டை போயிற்று. அரசாங்கக் கிளினிக்கில் புதிதாகப் பதிந்துகொண்டார். பழைய அளவுகள் எதுவும் கையில் இல்லை. எல்லாம் முதலிலிருந்து தொடங்கின. கண் பரிசோதனை செய்ததுண்டா என்று கேட்டபோது, கண்ணாடிக் கடையில் பார்த்ததை நினைத்து 'உண்டு' என்றார். அது விழித்திரைப் பரிசோதனை அன்று என்பது அவருக்குத் தெரியாது. சில ஆண்டுகளில் காலில் புண். மருத்துவமனையில் பத்து நாள். இன்சுலின் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் பழைய மாத்திரைகளும் இருந்தன. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது? கேட்டறிய ஆளில்லாமல் இரண்டையும் சிலநாள் எடுத்தார். மயக்கம் வந்ததும் இரண்டையும் நிறுத்திவிட்டார்.

இக்கதையில் எந்த நிலையமும் தன் கடமையில் பெரிதாகத் தவறவில்லை. ஒவ்வொன்றும் தன் வாசலுக்குள் ஓரளவு செய்தது. தவறு நிகழ்ந்தது ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் இடையில். தரம் விழுந்துபோகும் இடம் அதுவே. நிலையங்களுக்கிடையே நடந்து செல்பவர் நோயாளி ஒருவரே; அவர் கையில் எதைக் கொண்டு செல்கிறார், வாயில் எந்தச் சொல்லைக் கொண்டு செல்கிறார் என்பதே அங்கு முடிவு செய்கிறது.

எங்கே முன்னேற்றம் கண்டார்கள்?

இந்நிலையை மாற்றலாம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. முதற்சான்று நம் வட்டாரத்தினது. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் உள்ள 10 அரசாங்கக் கிளினிக்குகளில் 888 நோயாளிகளைக் கொண்டு 'எம்பவர்-பார்' என்னும் ஆய்வு நடத்தப்பட்டு 2016-இல் வெளியாயிற்று. ஒரு பகுதிக் கிளினிக்குகளில் தொடர்நோய்க்கெனக் குழு அமைத்து, வழிகாட்டி நூலில் பயிற்சி தந்து, நோயாளிக்குத் தற்பராமரிப்புக் கையேடு வழங்கினார்கள். ஓராண்டில், அக்கிளினிக்குகளின் நோயாளிகள் எச்பிஏ1சி இலக்கை எட்டும் வாய்ப்பு மற்றக் கிளினிக்குகளை விட ஏறத்தாழ இரு மடங்காயிற்று. இரத்த அழுத்தம் முதலிய பிறவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 10 நீரிழிவு மையங்களில் 1,146 நோயாளிகளைக் கொண்டு நடந்த 'கார்ஸ்' ஆய்வு. அங்குச் சேர்த்தவை இரண்டு: நோயாளியைத் தொடர்ந்து அழைத்து விசாரிக்கும் ஒருங்கிணைப்பாளர்; மருத்துவருக்கு நினைவூட்டும் கணினிப் பதிவு. எச்பிஏ1சி இலக்கோடு இரத்த அழுத்தம் அல்லது கொழுப்பு இலக்கையும் சேர்த்து எட்டியவர்கள் வழக்கமான பராமரிப்பில் 8.1 விழுக்காடு, புதிய முறையில் 18.2 விழுக்காடு.

மூன்றாவது, தமிழ்நாடு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் எம். விசுவநாதன் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய காலத்தில், நோயாளி நிபுணரைத் தேடிச் செல்லவேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' அத்திசையை மாற்றியது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்குமான மருந்தை ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டு சென்று தருகிறார்கள்.

மூன்றிலும் பொதுவாக உள்ளது யாது? புதிய கட்டடம் எதுவும் எழுப்பப்படவில்லை. நோயாளியைப் பெயர் சொல்லித் தொடர்ந்து விசாரிக்கும் ஒருவரும், விடாமல் எழுதிவைக்கும் ஒரு பதிவும், அவருக்கு விளங்கும் விளக்கமும் சேர்க்கப்பட்டன. அன்றைய தோட்டத்து டிரஸ்ஸரிடம் இருந்த நற்பண்பை இன்றைய கருவிகளோடு இணைத்தார்கள் என்றும் சொல்லலாம்.

மொழிக்கு இங்கென்ன வேலை?

தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்திற்கு இப்போது வருவோம். மருந்துப் பொட்டலத்தில் 'செபெலும் மாக்கான்' என்று அச்சிட்டிருக்கிறது. உண்பதற்கு முன் என்பது அதன் பொருள். சந்தை மலாய் நன்கு பேசும் பாட்டிக்கும் அவ்வெழுத்தை வாசிக்க வராது. மருந்தகச் சன்னலில் மருந்தாளர் விளக்கும்போது அருகில் நின்று மொழிபெயர்ப்பவர் யார்? பள்ளி விடுமுறையில் உடன்வந்த பேரப்பிள்ளை. சிறுநீரில் அல்புமின் கசிகிறது என்பதை அப்பிள்ளை எவ்வாறு சொல்லும்? 'கிட்னி கொஞ்சம் சரியில்லையாம்' என்று சொல்லும். 'கொஞ்சம்' என்ற அச்சொல்லில் பாட்டியின் சிறுநீரகத்தைக் காக்கும் வாய்ப்பு மறைந்துபோகிறது.

நோயாளி சொல்லவேண்டியதும் மொழியில்தான் தடைப்படுகிறது. தைப்பூசத்தன்று பத்துமலைக்கு வெறுங்காலுடன் நடப்பவர் நம்மவர். உணர்விழந்த பாதம் சுடுதாரில் வெந்தாலும் வலி தெரியாது. மறுநாள் கொப்புளம் கண்டே அறிவார். வழிபாட்டை விடச் சொல்வது நம் நோக்கமன்று. நடப்பதற்கு முன் பாதத்தைப் பரிசோதித்து, மருத்துவர் ஆலோசனை பெற்று, நடந்து முடிந்ததும் பாதத்தைக் கழுவிப் பார்க்கவேண்டும் என்பதே செய்தி. நோன்பு மாதத்தில் இசுலாமிய நோயாளிகளின் மருந்தளவை எவ்வாறு மாற்றுவது என்பதற்கு நாட்டின் மருத்துவ வழிகாட்டியில் குறிப்பு உண்டு. கந்த சஷ்டிக்கோ தைப்பூசத்திற்கோ விரதமிருக்கும் நம் தாய்மார் அதனை மருத்துவரிடம் சொன்னால் அவர்களுக்கும் அத்தகைய ஆலோசனை கிடைக்கும். சொல்லாமல் விரதமிருந்து, வழக்கம்போல் மாத்திரையும் இன்சுலினும் எடுத்துக்கொண்டு சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவதே நடக்கிறது.

ஆகவே, சொற்களை ஆக்கித் தருவதும் பரப்புவதும் மொழிக் கழகங்களுக்குரிய மருத்துவத் தொண்டு. எச்பிஏ1சி என்பதை 'மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு' என்றால் பாட்டிக்கு விளங்கும். விழித்திரைப் பரிசோதனையைக் 'கண்ணின் உட்புறப் படம்' என்றால் கண்ணாடிக் கடையோடு குழம்பமாட்டார். அல்புமின் கசிவைச் 'சிறுநீரகச் சல்லடை ஓட்டை விடத் தொடங்கிவிட்டது' என்றால் அவசரம் புரியும். சொல் தூய்மையாக இருப்பதோடு, கேட்டவுடன் செயலுக்குத் தூண்டுவதாகவும் இருத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் வேண்டுவன பெரியவை அல்ல. ஒவ்வொரு வீட்டிலும் நீரிழிவுக்கென ஒரு புத்தகம் இருக்கட்டும். கிளினிக் தந்த புத்தகம் இருந்தால் அதுவே போதும். இல்லையேல் பள்ளிக் குறிப்பேடு ஒன்று. தேதி, மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு, இரத்த அழுத்தம், மருந்துகளின் பெயரும் அளவும், கண் பார்த்த நாள், பாதம் பார்த்த நாள் ஆகியவற்றைத் தமிழிலேனும் எழுதிவைக்கட்டும். எந்த நிலையத்திற்குச் சென்றாலும் அப்புத்தகம் உடன்செல்லட்டும். நிலையங்களுக்கு இடையே பாலமில்லாத இடத்தில் அப்புத்தகமே பாலம்.

அடுத்து, எந்த மருத்துவர்முன் அமர்ந்தாலும் ஐந்து கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். என் மூன்று மாதக் கணக்கு எவ்வளவு, எனக்குரிய இலக்கு எவ்வளவு? என் கண்ணின் உட்புறத்தை எப்போது படம் எடுப்பார்கள்? என் சிறுநீரில் புரதம் கசிகிறதா? என் பாதத்தைப் பார்க்கிறீர்களா? புதிய மருந்து தந்தீர்களே, பழையதில் எதை நிறுத்தவேண்டும்? இக்கேள்விகளை முகம் கோணாமல் ஏற்று விடை தரும் நிலையமே, ஒரு வெள்ளி வாங்கினாலும் நூறு வெள்ளி வாங்கினாலும், தரமான நிலையம். விடை விளங்கவில்லை என்றால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மீண்டும் கேட்பதே முறை.

மூன்றாவது, ஆசிரியர்களுக்கு. கட்டுரைப் பயிற்சியாக வாரம் ஒருமுறை மாணவர்களை, தம் வீட்டு முதியவரின் மருந்துப் பொட்டலத்தை வாசித்துத் தமிழில் எழுதிவரச் சொல்லலாம். மொழிப் பயிற்சியும் ஆகும். வீட்டிலுள்ளோருக்குத் தெளிவும் பிறக்கும். பதினைந்து வயதில் பாட்டியின் அளவுகளை வாசித்த பிள்ளை, நாற்பது வயதில் தன் அளவுகளைப் பரிசோதிக்கத் தயங்காது. மிகுந்த விகிதம் நம்முடையது என்னும்போது, இப்பயிற்சி அப்பிள்ளைக்கும் உரியதே.

அரசும் மருத்துவத் துறையும் செய்யவேண்டியவை பல உண்டு. தனியார் கிளினிக் நோயாளிகளும் பதிவேட்டில் இடம்பெறவேண்டும். நோயாளியின் அளவுகள் அவரோடு நிலையத்திற்கு நிலையம் செல்லவேண்டும். மருந்து விளக்கம் தமிழிலும் கிடைக்கவேண்டும். இவற்றை நாம் தொடர்ந்து கேட்போம். கேட்டது கிடைக்கும்வரை, அந்தத் தாய் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு நடக்கும்போது அவர் கையில் ஒரு புத்தகமும் வாயில் ஐந்து கேள்விகளும் இருக்கச் செய்வது நம்மால் இயலும்.

இன்று வீடு சென்றதும், உங்கள் இல்லத்து முதியவரிடம் அவருடைய மூன்று மாதக் கணக்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.